காலடி படாத வெளி

காகிதக் குவளை வேண்டாம், ரூலன். என் பையில் தகரக் குவளை இருக்கிறது, அதில் ஊற்று. ஒரு காபிக்கு ஒரு குவளை என்று தூக்கிப் போட்டுக்கொண்டே இருந்தால் அதெல்லாம் எங்கே போய்ச் சேரும் என்று நீ யோசித்ததுண்டா? இருபத்தாறு வருஷம் இந்த ஊரில் பள்ளிப் பேருந்து ஓட்டினேன். உன்னையும் ஆறு வருஷம் ஏற்றி இறக்கியிருக்கிறேன். ஒருநாள் ஜன்னல் வழியாக ஆரஞ்சுத் தோலை வீசிவிட்டு, "அது மக்கிடும் மிஸஸ் ஹோல்கம்" என்றாய். வண்டியை நிறுத்தி, இறங்கிப் போய்ப் பொறுக்கி வரச் சொன்னேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டே பொறுக்கி வந்தாய். இப்போது சட்டையில் ஷெரீப் நட்சத்திரம் குத்திக்கொண்டு எதிரே உட்கார்ந்திருக்கிறாய். நல்லபடியாகத்தான் வளர்ந்திருக்கிறாய்.

அந்தக் கருவி ஓடுகிறதா? சரி. என் பெயர் ஆர்டித் ஹோல்கம். வயது அறுபத்தெட்டு. ஆட்டுக்கொம்புப் பள்ளத்தாக்கில், நடைபாதை தொடங்குகிற இடத்தில், பதினோரு வருஷமாகத் தன்னார்வலராக நிற்கிறேன். சம்பளம் கிடையாது. நில அலுவலகம் ஒரு பச்சைச் சட்டையும் தொப்பியும் கொடுத்திருக்கிறது. எமரி கோஸ்லிங் என்கிற அந்த மனிதர் எப்படி இறந்தார் என்று கேட்கிறாய். சொல்கிறேன். வக்கீல் வேண்டாம் என்று வாசலிலேயே எழுதிக் கொடுத்துவிட்டேன். நடுவில் மட்டும் குறுக்கிடாதே. வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு வரும்.

முதலில் அந்த மண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீ இங்கேயே பிறந்தவன், உனக்குத் தெரியும். ஆனால் இந்தக் கருவிக்குத் தெரியாதே. மணலுக்கு மேல் கறுப்பாக, கருகிய ரொட்டியின் மேல்தோல் போலச் சுருக்கம் விழுந்து கிடக்கும். கருந்தோல் என்போம். பார்ப்பவர்களுக்கு அழுக்கு. உண்மையில் அது உயிர். கண்ணுக்குத் தெரியாத நூல்கள் மணலைப் பின்னிப் பிடித்துவைத்திருக்கின்றன. அது இருந்தால்தான் இந்தப் பாலைவனத்தில் காற்று மண்ணை அள்ளாது, புல் முளைக்கும், புல்லை நம்பி முயல் வாழும். ஒரு பூட்ஸ் அழுந்தினால் போதும், செத்துவிடும். அந்த ஒரு தடம் ஆற ஒரு மனித ஆயுள் ஆகும். சிறுபிள்ளை மிதித்தாலும் கணக்கு அதேதான்.

என் வேலை எளிது. வருகிறவர்களை நிறுத்தி, பூட்ஸின் அடியைத் தூரிகையால் தேய்த்துவிட்டு வரச் சொல்வேன், வெளியூர்க் களை விதை உள்ளே போகக் கூடாது என்பதற்காக. பிறகு கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கும் ஒரு துண்டு கருந்தோலை உருப்பெருக்கி வழியாகக் காட்டுவேன். பாறை மேல் நடங்கள், நீரோடை மணலில் நடங்கள், கறுப்பில் மட்டும் கால் வைக்காதீர்கள். கொண்டுபோனதைத் திரும்பக் கொண்டுவாருங்கள், மலத்தையும் பையில் கட்டிக்கொண்டு வாருங்கள். பாறைக் குழியில் தேங்கிய நீரில் கை கழுவாதீர்கள், அதில் இறால் குஞ்சுகள் இருக்கும். இவ்வளவுதான். நாலு நிமிஷம் ஆகும். பதினோரு வருஷத்தில் இதை எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன் என்று தெரியாது. காதில் வாங்கியவர்களைக் கைவிரல்களில் எண்ணிவிடலாம்.

போன வசந்தத்தில் நாலு பையன்கள் வந்தார்கள். ஒருவன் கருந்தோலின் மேல் நின்றுகொண்டே செல்பேசியில் தன்னைப் படம் எடுத்தான். இறங்குங்கள் என்றேன். "பாட்டி, இது வெறும் மண்ணு பாட்டி. மண்ணுக்கு வலிக்குமா?" என்றான். மற்ற மூவரும் சிரித்தார்கள். அதில் ஒருவன் வேண்டுமென்றே இரண்டு குதி குதித்துக் காட்டினான். அவர்கள் போன பிறகு மண்டியிட்டு அந்தப் பொடியைக் கையில் அள்ளிப் பார்த்தேன். பேருந்தில் என் இருக்கைக்குப் பின்னால் வாந்தி எடுத்த பிள்ளைகளைக்கூட நான் வெறுத்ததில்லை, ரூலன். அன்றைக்கு வெறுத்தேன்.

எமரி கோஸ்லிங் அந்த ரகம் இல்லை. அதைக் கட்டாயம் எழுதிக்கொள். ஜூன் மாதம், புதன்கிழமை, காலை ஏழு மணி. நெப்ராஸ்காவிலிருந்து தனியாக வந்திருந்தார். பல் வைத்தியருக்குப் பொய்ப்பல் செய்து கொடுக்கிற வேலை, நாற்பத்துநாலு வயது. பூட்ஸைத் தேய்த்துவிட்டு, தூரிகையில் ஒட்டிய புல்லையும் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். உருப்பெருக்கி வழியாகக் கருந்தோலை வெகுநேரம் பார்த்தார்.

"இது இப்பவும் உயிரோட இருக்கா, மேடம்?"

"தண்ணி தெளிச்சா பச்சையாகும்."

"நான் தெளிக்கட்டுமா?"

தன் புட்டியிலிருந்தே நாலு சொட்டு விட்டார். அது மெல்லப் பச்சை கட்டியது. "அடேங்கப்பா," என்றார், குரலை உயர்த்தாமல், கோயிலுக்குள் பேசுகிற மாதிரி. நான் சொன்னதையெல்லாம் பேனாவால் உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். மூன்று லிட்டர் தண்ணீர் வைத்திருந்தார். சாயங்காலத்துக்குள் திரும்பிவிடுவேன் என்றார். எனக்கு அவரை மிகவும் பிடித்துப்போனது. இன்னமும் பிடித்திருக்கிறது.

மதியம் பாதையைப் பார்த்துவரக் கிளம்பினேன். மேசைவெளி உனக்குத் தெரியும். இந்தப் பள்ளத்தாக்கில் கெடாமல் மிஞ்சிய ஒரே கருந்தோல் பரப்பு. குறுக்கே இருநூறு தப்படி. பாறை மேலேயே சுற்றிப் போனால் நாலு மைல். அந்தச் சுற்றுவழியின் முதல் திருப்பத்தில் ஒரு கல் அடுக்கு கண்ணில் பட்டது. மூன்று தட்டைக் கற்கள், உச்சியில் ஒரு வெள்ளைக் கூழாங்கல். அடுத்த திருப்பத்திலும் ஒன்று. அதற்கடுத்ததிலும்.

எங்களைப் போன்றவர்கள் கல் அடுக்கைக் கண்டால் என்ன செய்வோம் என்று உனக்குத் தெரியாதா? கலைப்போம். அலுவலகம் வைத்த அடையாளம் தவிர வேறெதுவும் நிற்கக் கூடாது. ஒருவன் அடுக்கினால் அடுத்தவன் பார்த்து இரண்டு அடுக்குவான், ஞாயிற்றுக்கிழமைக்குள் அது கல்லறைத் தோட்டம் மாதிரி ஆகிவிடும். பிள்ளைகள் கல்லைப் பெயர்த்த இடத்தில் தேளும் பல்லியும் வீடிழந்து கிடக்கும். எங்கள் பொறுப்பாளர் ஷெல்டன் முதல் நாள் பயிற்சியிலேயே சொன்னார்: "யோசிக்கவே யோசிக்காதீங்க, ஆர்டித். பார்த்தா தள்ளிவிடுங்க. கல்லு எங்க இருந்துச்சோ அங்கயே போடுங்க."

முப்பத்தொரு அடுக்குகள். ஒவ்வொன்றையும் கலைத்து, கல்லின் வெயில் பட்ட முகம் மேலே வரும்படி திருப்பி வைத்தேன். கூழாங்கற்களை ஓடையில் போட்டேன். அந்தப் பாறைக்காட்டில் ஒரு மேடு மற்றொரு மேட்டைப் போலவே இருக்கும், வந்த வழி எது என்று எனக்கே சிலசமயம் குழம்பும். வேலையை முடித்துத் திரும்பிப் பார்த்தபோது அந்த வழியில் மனிதன் போன சுவடே இல்லை. மனசுக்கு நிறைவாக இருந்தது.

அவை அவருடையவை என்று தெரியுமா என்கிறாய். தெரியும். ஷெல்டன் சொன்னதில் நான் விட்டுவிட்ட வாக்கியம் ஒன்று உண்டு: உள்ளே ஆள் இருந்தால் தொடாதீர்கள், முதலில் வருகிறவர்கள் எழுதிவைக்கும் பதிவேட்டைப் பாருங்கள். நான் பதிவேட்டைப் பார்த்துவிட்டுத்தான் போனேன். அவர் கையெழுத்து அழகாக இருந்தது. குறிப்பு என்கிற இடத்தில் எழுதியிருந்தார்: "மண்ணில் கால் வைக்காமல் பாறையில் மட்டும் நடப்பதால் தடம் விழாது. அதனால் வழிக்கு மூன்று கல் அடுக்கி, உச்சியில் வெள்ளைக் கூழாங்கல் வைத்துக்கொண்டே போகிறேன். திரும்பும்போது எல்லாவற்றையும் கலைத்துவிடுகிறேன். மன்னிக்கவும்."

அவர் கலைத்திருப்பார் என்கிறாய். இருக்கலாம். கலைத்துவிடுவேன் என்று சொன்னவர்களையும் நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

வியாழன் காலை அவருடைய நீலக் கார் நின்ற இடத்திலேயே நின்றது. ஒரு ராத்திரி தாண்டினால் நான் தகவல் சொல்ல வேண்டும். சாயங்காலம் வரை பார்ப்போம் என்று இருந்தேன். சாயங்காலம் அவருடைய அக்கா நோரீனே நெப்ராஸ்காவிலிருந்து உங்கள் அலுவலகத்துக்கு போன் செய்துவிட்டார். வெள்ளி விடியற்காலையில் நீ வந்தாய், இருபத்தாறு பேர், மூன்று நாய்கள், நாலு சக்கர வண்டிகள் இரண்டு. வாகனம் நிறுத்துமிடமே சந்தைக்கடை ஆயிற்று.

"மிஸஸ் ஹோல்கம், எந்தப் பக்கம் போறேன்னு ஏதாச்சும் சொன்னாரா?" என்று கேட்டாய்.

"கிழக்குக் கிளைன்னு சொன்னாரு," என்றேன்.

நீ பதிவேட்டைக்கூடத் திறந்து பார்க்கவில்லை. ரேடியோவை எடுத்து, "ஆர்டித் சொன்னா சரியாத்தான் இருக்கும், எல்லாரும் கிழக்கால போங்க," என்றாய். அதற்காக உன்னை நான் குறை சொல்லவில்லை. நீயும் உன்னைக் குறை சொல்லிக்கொள்ளாதே.

பள்ளத்தாக்கின் கிழக்குக் கிளையில் கெடுவதற்கு இனி ஒன்றும் பாக்கியில்லை. அதனால்தான் அனுப்பினேன். நாலு வருஷத்துக்கு முன் ஒரு பெண்ணுக்குக் கணுக்கால் பிசகியதே, நினைவிருக்கிறதா? அந்தக் கிளையின் மேல்திட்டில். சும்மா ஒரு பிசகு. அவளைத் தூக்கி வர இதே மாதிரி ஒரு பட்டாளம் போனது. அந்த வண்டிகள் கருந்தோலின் மேல் வளையம் போட்டுத் திரும்பின. மறுநாள் அந்தப் பெண் கட்டுப்போட்ட காலோடு சிரித்துக்கொண்டு செய்தித்தாளில் வந்தாள். அடுத்த கோடையில் காற்று அடித்தபோது மேல்திட்டு எழுந்து போய்விட்டது, ரூலன். நான் கீழே நின்று பார்த்தேன். சிவப்பாக ஒரு புழுதி, மூன்று மணி நேரம். இருநூறு வருஷம் கட்டிய வீடு. யாரும் போன் செய்யவில்லை. யாரும் தேடி வரவில்லை.

மேசைவெளிக்கும் அதே கதி வர விடுவேனா?

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு நான் தனியாக மேசைவெளிக்குப் போனேன். இனி நான் சொல்வதை நீ முகத்தைச் சுளிக்காமல் கேட்க வேண்டும். அவர் எதிர்க்கரையில் நின்றிருந்தார். உயிரோடு. ஒற்றை ஜூனிபர் மரம் இருக்கிறதே, அதன் கிளையைப் பிடித்துக்கொண்டு. அவர் தள்ளாடுவது இந்தக் கரையிலிருந்தே தெரிந்தது. என் பச்சைச் சட்டையைப் பார்த்ததும் கையை உயர்த்தினார். எனக்குப் பின்னால் வாகனங்களின் கண்ணாடி மின்னுவது அவருக்குத் தெரிந்திருக்கும்.

அந்தக் காலையில் காற்றே இல்லை. குரல் தெளிவாக வந்தது.

"மேடம், கல்லெல்லாம் காணோம். வழி தெரியல."

என் தொப்பியைச் சரிசெய்துகொண்டேன்.

"குழித் தண்ணி கொஞ்சம் குடிச்சிட்டேன். மன்னிச்சிடுங்க. வேற வழியில்ல."

"பரவாயில்ல," என்றேன்.

"நேரா குறுக்கால வந்துடட்டுமா?"

அவர் கேட்டார், ரூலன். அதுதான் எனக்கு வியப்பு. மூன்று நாள் வெயிலில் காய்ந்த மனிதர், எதிரே இருநூறு தப்படியில் ஆள் நிற்கிறது, அதற்கப்பால் கார் நிற்கிறது, ஆனாலும் ஒரு காலை எடுத்து வைக்காமல் பாறை விளிம்பில் நின்று அனுமதி கேட்டார். எனக்குக் கண் கலங்கியது. என் பேச்சைக் கேட்க ஒருவர் பதினோரு வருஷம் கழித்து வந்திருந்தார்.

வழக்கமாகச் செய்வது போல உள்ளங்கையைக் காட்டினேன். "வேண்டாம். சுத்தி வாங்க. பாறை மேலயே வாங்க. அந்த முனையில நான் தண்ணியோட நிக்கறேன்."

"எவ்வளவு தூரம்?"

"கொஞ்சம்தான்."

அவர் தலையை ஆட்டினார். நன்றி என்றுகூடச் சொன்னார். கிளையை விட்டுவிட்டுப் பாறை மேல் மெல்ல நடந்தார். ஒரு மேட்டுக்குப் பின்னால் மறைகிற வரை பார்த்துக்கொண்டிருந்தேன். என் பையில் இரண்டு லிட்டர் தண்ணீர் இருந்தது. முனைக்குப் போவதாகத்தான் இருந்தேன். ஆனால் அன்று சனிக்கிழமை. எட்டு மணிக்கெல்லாம் கும்பல் வந்துவிடும், சொல்ல ஆளில்லாவிட்டால் கண்ட இடத்தில் இறங்கிவிடுவார்கள். பாதைத் தொடக்கத்துக்குத் திரும்பினேன். அன்றைக்கு நூற்றுநாற்பது பேரிடம் பேசினேன். ஒரு குடும்பம் கூட்டிவந்த நாய் நாக்கைத் தள்ளிக்கொண்டிருந்தது. அந்தத் தண்ணீரை அதற்கு ஊற்றினேன்.

ஞாயிறு காலை போய்ப் பார்த்தபோது அவர் அதே ஜூனிபர் மரத்தடியில் இருந்தார். வழி தெரியாமல் சுற்றி அங்கேயே திரும்பி வந்திருக்கிறார். காலை நீட்டி உட்கார்ந்து, தொப்பியை முகத்தின் மேல் கவிழ்த்திருந்தார். அவருக்கும் எனக்கும் நடுவில் வெளி அப்படியே கிடந்தது. அவருடைய காலடி ஒன்றுகூட அதில் இல்லை. திங்கள்கிழமை உங்கள் ஹெலிகாப்டர் அவரைக் கண்டுபிடித்தது.

நான் அவரைக் கொல்ல நினைத்ததில்லை. கோபமே கிடையாது. அந்தக் குதித்த பையனாக இருந்திருந்தால் கேட்டிருக்கவே மாட்டான், நேராக ஓடி வந்து பிழைத்திருப்பான். நல்ல மனிதராக இருந்ததால்தான் இப்படி ஆயிற்று. ஒரு பக்கம் ஒருவர், மறுபக்கம் இருநூறு வருஷம். யாராவது ஒருவர் அந்த மண்ணின் பக்கம் நிற்க வேண்டாமா?

அதனாலும் ஒரு பலன் இல்லை என்பதை நானே ஒப்புக்கொள்கிறேன். செய்தி வெளியே வந்ததும் என்ன நடந்தது என்று நீ பார்த்தாய். மண்ணை மிதிக்காமல் உயிர்விட்ட மனிதர் என்று அவருடைய படம் எல்லார் செல்பேசியிலும் ஓடியது. அஞ்சலி செலுத்த வந்தார்கள். பூங்கொத்தும் பிளாஸ்டிக் விளக்கும் எடுத்துக்கொண்டு, அந்த ஜூனிபர் மரத்தை நோக்கி, மேசைவெளிக்குக் குறுக்கே நேராக நடந்து போனார்கள். ஒரே சனி ஞாயிறில் நானூறு பேர். அழுதுகொண்டே நடந்தார்கள். இன்று அங்கே கருந்தோல் என்று ஒரு உள்ளங்கை அகலம்கூட இல்லை. அடுத்த கோடைக் காற்றுக்கு அதுவும் எழுந்து போய்விடும். அவர் நினைவாகப் பலர் கல் அடுக்கும் கட்டிவைத்தார்கள், மூன்று தட்டைக் கல், உச்சியில் வெள்ளைக் கூழாங்கல். அவர் கல் அடுக்கிய விவரம் பதிவேட்டிலிருந்து வெளியே போயிருக்கிறது. நூற்றுப்பதினேழு அடுக்குகள். எழுபதைக் கலைத்திருந்தபோதுதான் நோரீன் பார்த்தார்.

"என் தம்பிக்கு வெச்ச கல்லு அது. உங்களுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா?" என்றார்.

"இங்க இதெல்லாம் வைக்கக் கூடாதும்மா," என்றேன்.

அவர் உன்னைக் கூப்பிட்டார். நீ என்னை இங்கே கூட்டி வந்தாய்.

இப்போது அந்தப் படத்தை மேசை மேல் வைக்கிறாய். தெரியும், இதற்காகத்தான் பொறுமையாக இருந்தாய். திங்கள் காலை, கும்பல் வருவதற்கு முன், ஹெலிகாப்டரிலிருந்து எடுத்தது. கறுப்பு வெளிக்குக் குறுக்கே ஒரே ஒரு வரிசைத் தடம், இந்தக் கரையிலிருந்து மரம் வரை போய், மரத்திலிருந்து திரும்பி வந்திருக்கிறது. வலது குதிகால் உள்பக்கமாகத் தேய்ந்த பூட்ஸ். நல்ல பையன், தடம் பார்க்க நான் கற்றுக்கொடுத்ததை மறக்கவில்லை.

என்னுடையதுதான். ஞாயிறு காலை வைத்தது. அவர் பக்கத்தில் மூன்று கல்லை அடுக்கி உச்சியில் ஒரு கூழாங்கல்லை வைத்திருந்தார். யாராவது தேடி வந்தால் தெரியட்டும் என்று வைத்திருப்பார். அதை அப்படியே விட்டுவிட்டு வர எனக்கு மனசு வரவில்லை. போய்க் கலைத்துவிட்டு வந்தேன். அன்றைக்கும் தண்ணீர் என் பையில் இருந்தது. அவருக்கு மூச்சு இருந்ததா என்று குனிந்து பார்க்கவில்லை. நான் போனது கல்லுக்காக. தொப்பி லேசாக அசைந்த மாதிரி இருந்தது. காற்றாக இருக்கும்.

பாறை வழியாகச் சுற்றிப் போயிருக்கலாம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் அது நாலு மைல், ரூலன். இந்த முட்டியை வைத்துக்கொண்டு, அந்த வெயிலில், மனுஷியால் நடக்க முடியுமா?